தட்டு வைத்து அழைத்த விளையாட்டு

இன்று காலை பீடோங் பாசாரில், வெற்றிலை விற்கும் ஆன்ட்டி ஒரு கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளித்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னாம்மா, சும்மா சிரிக்கிற?" என்றார். என்ன சொல்ல? வீடியோ கேமுக்கு வெற்றிலை பாக்கு வைத்து ஊரை அழைத்த பைத்தியக்காரி ஒருத்தி எனக்குத் தோழியாக இருந்தாள் என்றா? உன்னைத்தான்டி சொல்கிறேன்.

வேலையை விட்டுவிட்டு நான் அந்த வீடியோ கேமை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம். விளையாட்டில், விடியற்காலையில் தோட்டம் தோட்டமாகப் போய் ஆளேற்றும் கம்பெனி பஸ், விளையாடுகிறவர்தான் டிரைவர். நீ தினமும் வேலைக்குப் போன பஸ்தான் அது. கையிருப்பு கரைந்ததும், இணையத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டு ஒரு பக்கம் திறந்தேன். கெடுவுக்குள் கேட்ட தொகை சேராவிட்டால் வந்ததெல்லாம் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். விளையாட்டும் அத்தோடு போச்சு. நாள்தான் ஓடியது, நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாலை கம்பெனிச் சீருடையோடு வந்து, அந்தப் பக்கத்தில் நான் ஆங்கிலத்தில் பேசிப் போட்டிருந்த காணொளியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாய்.

"யாருகிட்டடி பேசுற? நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

"எல்லாருக்கும் லிங்க் அனுப்பிட்டேன்லா. யாரும் குடுக்கல."

"கல்யாணப் பத்திரிகைய வாட்ஸ்அப்ல அனுப்பினா நம்ம ஆளுங்க வருவாங்களா? நேர்ல வந்து கூப்பிடல, நாங்க என்னா வேண்டாதவங்களான்னு கேப்பாங்க. எந்திரி, வீடு வீடா போறோம்."

எனக்கு உயிரே போய்விட்டது. பிச்சை எடுப்பது போல இருக்கும் என்றேன். உனக்கு வந்ததே கோபம்! "கேக்காம விட்டாத்தான்டி அவங்களுக்கு அவமானம்" என்று கத்தினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடாங் செராயில் தொடங்கினோம். நீ மோட்டார் ஓட்ட, பின்னால் நான் எவர்சில்வர் தட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், ஓரத்தில் மஞ்சள் தடவிய தாள்கள். தாளில் அந்தப் பக்கத்துக்குப் போகும் கியூஆர் கட்டம். முதல் வீட்டில், உன்னோடு பஸ்ஸில் வரும் அக்கா தட்டைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "யாருக்குலா கல்யாணம்?" என்றார்.

"இவ கேமுக்குக்கா. பஸ்ல நீங்களும் இருக்கீங்க. கண்டிப்பா வந்துடணும்."

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எனக்கு ஜன்னல் சீட்டுதானே?" என்று மட்டும் கேட்டார்.

சிடாம் கிரியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் அங்கிள்தான் முறைத்தார். "இந்த வயசுல எனக்கு என்னா கேம்?" என்று முணுமுணுத்தவர், "சரி, வாசல் ஏறி வந்து கூப்பிட்டுருச்சுங்க" என்று மகளைக் கூப்பிட்டுக் கைப்பேசியை எடுத்துவரச் சொன்னார். அப்படி ஒவ்வொரு வீடும் இன்னொரு வீட்டுக்குச் சொன்னது. கோலாலம்பூரில் இருந்த பிள்ளைகளுக்கும் தாள் போனது. கெடு முடியுமுன் தொகை சேர்ந்தது. நீ நடுரோட்டில் விசிலடித்தாய். எனக்கு மானம் போனது, மனசு நிறைந்தது.

பாதி விளையாட்டு முடிந்திருந்தபோது டிங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு கணினியைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை.  நிறுத்திவிடலாம், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்து, முதலில் டிரைவர் அங்கிளிடம் போய்ச் சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டு எழவே இல்லை. "குடுத்ததத் திரும்ப வாங்குற பழக்கம் எங்க வீட்ல இல்லம்மா. அந்தப் புள்ள வந்து கூப்பிட்டுச்சு, வரேன்னு சொல்லிட்டேன். நீ விசேஷத்த வை."

அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். அங்கிள் மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தேன்.

விளையாட்டு போன மாதம் வெளிவந்துவிட்டது. அக்காவுக்கு ஜன்னல் சீட்டுதான். டிரைவர் அங்கிள் பேரனை விளையாட விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதைத் திட்டிக்கொண்டே இருக்கிறாராம். உனக்கு நன்றி சொன்னால் நீ திட்டுவாய். திட்டிக்கொள். நன்றிடி, கோடி நன்றி.

இப்போதெல்லாம் யாரிடமாவது ஒன்று கேட்க வேண்டுமென்றால் நேரிலேயே போகிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போய்க் கேட்டுவிடுகிறேன்.