நாற்பது பக்கங்களை மறுபடி அடித்த அக்காவுக்கு

என் கிரேஸ் அக்கா,

முடிந்துவிட்டது. நேற்று வாய்மொழித் தேர்வு. உன் தங்கை இனி டாக்டர் எஸ்தர். இதை முதலில் உன்னிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ போய் நான்கு மாதம் ஆகிவிட்டது.

காலையில் ஒரு இட்லிகூட இறங்கவில்லை. சேலை மடிப்பில் ஊக்கை மூன்று முறை மாற்றிக் குத்தினேன். அம்மா ஜெபம் பண்ணி அனுப்பினாள். பஸ்ஸில் போகும்போது என் ஆய்வேட்டின் அந்த ஒன்பதாம் பட்டியல்தான் மனதில் ஓடியது.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்றே வாரம் இருந்தபோது நடந்தது அது. துறைமுக வேலையில் சரக்குப் பட்டியல்களாக அடித்துப் பழகியவள் நீ. எண் பிசகினால் உன் கண் அங்கேயே நின்றுவிடும். என் ஆய்வேட்டை அடித்துக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"ஏளா, நவம்பர் மாசச் சிப்பிக்கு நாலாம் பட்டியல்ல ஒரு அளவு, ஒம்பதாவதுல வேற அளவு வருதே. எது சரி?"

"சின்ன வித்தியாசந்தானக்கா. யாரு பாக்கப் போறா?"

"நீ பாத்துட்டியே. இனி எப்படிளா கையெழுத்துப் போடுவ?"

எரிச்சலோடுதான் உப்புக்கறை படிந்த குறிப்பேடுகளைப் புரட்டினேன். முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பாறைத்திட்டான ஒரு முத்துப்பாரில் எடுத்த சிப்பிகளின் அளவுகளை, ஒன்பதாம் பட்டியலில், மூன்று மாதத்துக்கு, இன்னொரு பாரின் கணக்கில் எழுதியிருந்தேன். திருத்தியதும், இரண்டு பாரிலும் சிப்பி ஒரேபோல வளர்கிறது என்ற என் முடிவே விழுந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நீ ஒரு வாரம் லீவு போட்டாய். மாற வேண்டிய நாற்பது பக்கங்களையும் கார்பன் தாள் வைத்து, விரல் நுனி கன்றிப்போக, மறுபடி அடித்தாய். "படிச்சதும் நீ, பயப்படுததும் நீ. நான் சும்மா எழுத்தத் தட்டுதேன்" என்று சிரித்தாய். அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அடிக்கும்போதே உன் கண்கள் மஞ்சளித்திருந்தனவா அக்கா? நான் ஏன் கவனிக்கவில்லை?

கொச்சியிலிருந்து வந்த தேர்வாளர் நேரே ஒன்பதாம் பட்டியலைத் திறந்தார். இரண்டு பாருக்கும் இவ்வளவு வித்தியாசமா, எப்படி நம்புவது என்றார். குறிப்பேட்டை விரித்து வைத்தேன். முதலில் நான் செய்த தவறையும் அதைக் கண்டுபிடித்தது யார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"உங்கள் அக்கா என்ன படித்திருக்கிறார்?"

"எஸ்.எஸ்.எல்.சி., சார். டைப்ரைட்டிங் ஹையர்."

அவர் ஆய்வேட்டின் முதல் பக்கங்களுக்குப் புரட்டினார். "நன்றியுரையில் அவர் பெயரைக் காணோமே?" என்றார்.

திகைத்துப்போனேன். நான் எழுதித்தானே கொடுத்திருந்தேன்! புரட்டிப் பார்த்தால், அந்த ஒரு வரியை மட்டும் நீ அடிக்காமல் விட்டிருக்கிறாய். ஏனக்கா?

ஒன்பதாம் பட்டியலை வைத்து ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பப் போகிறேன். எழுதியவர்கள் இருவர் என்று உன் பெயரையும் சேர்ப்பேன் என்றதும் கைடு சார் தயங்கினார். "டைப் அடிச்சவங்க பேரையாம்மா?"

"கணக்கச் சரிபாத்தவங்க பேரு, சார்."

பெயர்கள் வரும் அந்த முதல் பக்கத்தை நானே ஒற்றை விரலால் தட்டித் தட்டி அடிப்பேன். இந்த முறை உன் பெயர் விடுபடாது.

என்றும் உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்