திருப்பி வைக்காத குமிழ்

உன் மேல் சுமத்தியது பொய். சார்ஜர் அறையில் பேட்டரி வெடித்தது உன் கவனக்குறைவால் அல்ல. உன் கவனக்குறைவால் என்று எழுதிய பலகை பம்மல் தோல் தொழிற்சாலையில் இன்னும் தொங்குகிறது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் அதை யாரும் கழற்றவில்லை.

இன்று காலை புதிய சார்ஜர் வந்து இறங்கியது, குரோம்பேட்டையில் கட்டியிருக்கும் புதுக் கொட்டகைக்கு. அங்கே ஓட்ட இன்னொரு பேட்டரி வண்டி வாங்கியிருக்கிறார்கள். மரப்பெட்டியை உடைத்ததும் முன்பக்கத்தில், வோல்டேஜைக் கையால் கூட்டிக் குறைக்கும் அதே கறுப்புக் குமிழ்.

எண்பதுகளின் கடைசியில் முதல் வண்டி வந்தபோது, ஈரத்தோலை முதுகில் சுமந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். நீதான் டிரைவர். நான் மின்சார வேலை பார்ப்பவன். பழைய புத்தகங்களைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டவன். எந்த சார்ஜர் வாங்கலாம் என்று முதலாளி கேட்டதும் நமக்குள்தான் சண்டை. மெதுவாக ஏற்றினாலும் பரவாயில்லை, மின்சாரம் ஏறி இறங்கினால் தானே சரிசெய்துகொள்வதுதான் இந்த இடத்துக்கு ஆகும் என்றேன். நீ வேகமாக ஏற்றும் பெரியதைக் கேட்டாய். அதில் குமிழைக் கையால் திருப்ப வேண்டும்.

"உன் சார்ஜரு ஏத்தி முடிக்கிறதுக்குள்ள எங்காளுங்க பாதித் தோலை முதுகுலயே தூக்கினு போய்டுவாங்கண்ணா. நீ வந்து ஒரு கை புடிப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி பெரியதையே வாங்கினார். அந்த விஷயத்தில் நீ சொன்னது தப்பு. நீ இல்லை என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

நம் பக்கத்து மின்சாரம் தெரிந்ததுதானே. விளக்கு வைக்கும் நேரத்தில் டியூப் லைட் பிடிக்காமல் துடிக்கும். வீடுகளில் டிவி பார்க்க ஸ்டெபிலைசரைக் கூட்டி வைப்பார்கள். வோல்டேஜ் திரும்பியதும் ஓடிப்போய்க் குறைப்பார்கள். நீயும் சார்ஜர் குமிழைக் கடைசிவரை கூட்டிவிட்டுப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருவாய். வோல்டேஜ் வந்ததும் குறைக்காவிட்டால் பேட்டரி கொதிக்கும். அதில் கிளம்பும் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.

அன்றைக்கும் உட்கார்ந்துதான் இருந்தாய். சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டார். குமிழைக் கூட்டி வைத்திருக்கிறேன், வர முடியாது என்றாய்.

"சார்ஜரு எங்கியும் ஓடிடாதுய்யா. நான் பாத்துக்கிறேன். லாரி நிக்குது, போ."

வாசலில் நின்றிருந்த என் காதில் விழுந்த வார்த்தை அது. நீ லாரிக்குப் போனாய். என்னை மோட்டார் நின்றுவிட்டதென்று உள்ளே அழைத்துப் போனார்கள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார். நீ திரும்பி வந்தபோது பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தது. பதறிப்போய்க் கிளிப்பைப் பிடுங்கினாய். பொறி பறந்து பேட்டரி வெடித்தது. ஆசிட் உன் கண்ணில்.

விசாரணையில், தான் எதுவும் சொல்லவில்லை என்றார் அவர். நான் கேட்டதைச் சொன்னேன். "நீ அவன் சிநேகிதன், வேற எப்படிச் சொல்லுவே?" என்று என்னை வெளியே அனுப்பினார்கள்.

ஒரு கண்ணோடு ராஜகீழ்ப்பாக்கத்து வீட்டில் இருந்தாய். நான் வரும்போதெல்லாம் முதலில் வண்டியைப் பற்றிக் கிண்டல் பேசுவாய். கிளம்பும்போது மட்டும், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்பாய்: "பலகை இன்னும் தொங்கினு கீதாண்ணா?"

கீது.

முதலாளி இந்த சார்ஜரைத் திருப்பி அனுப்ப வேண்டும். தானே சரிசெய்துகொள்வதை வாங்க வேண்டும். மேஸ்திரி சுவரை உடைத்து, வாயு வெளியேற எதிரெதிரே இரண்டு ஜன்னல் வைக்க வேண்டும். அதுவரை புது டிரைவர் வண்டியைத் தொடக் கூடாது. சூப்பர்வைசர் இப்போது மேனேஜர். அன்று சொன்ன வார்த்தையை அவர் எல்லோர் முன்னாலும் திரும்பச் சொல்ல வேண்டும். பலகையைத் தன் கையாலேயே கழற்ற வேண்டும்.

புதுக் கொட்டகைக்கு மின்சாரம் கொடுக்க வேண்டியவன் நான். ஃபியூஸ் கட்டைகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன.