போளூர்க் கடையில் இருந்த மாத்திரை

நேற்று ஆரணி பேருந்து நிலையத்தில், ஒரு பேருந்தின் நெற்றியில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். போளூர். யாரையும் கேட்காமல் நானே படித்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் நின்றவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் காட்டினேன். நான் ஏறத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அவர் என் கையைப் பிடித்து ஏற்றிவிடப் பார்த்தார். சிரித்துக்கொண்டே விலகி வந்தேன். வீடு வருவதற்குள் சிரிப்பு போய்விட்டது. அந்த ஊரின் பெயரோடு உன் ஞாபகமும் வந்துவிட்டது.

நான் உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று நீ நம்பியிருக்க மாட்டாய். நீ போன பிறகுதான், அறுபத்தெட்டாவது வயதில், முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது தெருவில் ஒரு போர்டைக்கூட விடுவதில்லை. நீ இருந்தால், "கம்முனு வாடா, ஜல்தி" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பாய்.

நம் இரண்டு தறியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. முதலில் சாயங்கால நேரத்தில் உன் இமைகள் தாமாகக் கீழே விழுந்தன. தூங்கி வழிகிறாய் என்று நான் கேலி செய்தேன். பிறகு ஒரு நூல் இரண்டாகத் தெரிகிறது என்றாய். வேலூர் டாக்டர்தான் அது தசை சோர்ந்துபோகிற நோய் என்று கண்டுபிடித்தார். ஒரு நாளைக்கு நான்கு வேளை மாத்திரை. அது இருக்கும் வரை நீ நெய்யலாம், சாப்பிடலாம், சண்டை போடலாம். தவறினால் இமை விழும், பிறகு தாடை, அதற்கும் பிறகு தொண்டை.

அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம் மாத்திரை தீர்ந்துபோனது. நமக்காக வரவழைத்துக் கொடுக்கும் கடைக்காரர் சரக்கு வரவில்லை என்றார். காலி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரணியில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். ஒருவர் அட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. ஒருவர் நாளைக்கு வா என்றார். நாளைக்கு நிச்சயம் இருக்குமா என்று கேட்டால் கோபப்பட்டார். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். "இதுக்கு ஆளே வர்றதில்லீங்க. வாங்கி வெச்சா தேதி முடிஞ்சி குப்பைக்குத்தான் போவுது."

ஆளே வராத நோய் உனக்கு மட்டும் எப்படி வந்தது என்று அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது.

மறுநாள் காலையில் போளூருக்குப் போனேன். அங்கே ஒரு கடைக்காரர் அட்டையைப் பார்த்ததும் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். நம்முடையது வெள்ளி நிறத்தில் சிவப்புக் கோடு போட்டது. அவர் கொடுத்தது பச்சை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டையும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். சாயப்பட்டறையில் மாதிரி நூலை வைத்துப் பட்டு வாங்குவோமே, அப்படி.

"மருந்து அதேதாண்ணே, கம்பெனிதான் வேற. எடுத்துகினு போங்க," என்றார் அவர்.

சாயக்காரரும் இப்படித்தானே சொல்வார்? நிறம் அதேதான், தொட்டிதான் வேறு என்று. அதை நம்பி நூல் வாங்கி, ஒரே சேலையில் உடல் ஒரு சிவப்பும் முந்தானை ஒரு சிவப்புமாக வந்து, முதலாளி சேலையை நம் மேலேயே வீசினாரே. வேண்டாம் என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலூர் பேருந்தில் ஏறினேன்.

வேலூரில் நான்கு கடை ஏறினேன். ஐந்தாவது கடையில் கிடைத்தது. அதே பச்சை அட்டை. பழைய கம்பெனிச் சரக்கு வருவதே நின்றுபோய்விட்டதாம்.

நான் வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நீ தாடையைக் கையால் தாங்கிப் பிடித்து உட்கார்ந்திருந்தாய். காலையிலிருந்து கொடுத்த கஞ்சியெல்லாம் மூக்கு வழியாக வந்துவிட்டதாகச் சொல்லி உன் வீட்டுக்காரி அழுதாள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் குழைத்து, கரண்டி நுனியால் துளித்துளியாக விட்டோம். உன் தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து விட்டோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு கண் திறந்தது.

போளூர் சங்கதியை நானேதான் சொன்னேன். நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். மூக்கால் பேசுகிற குரலில், "கலர் ஒத்துப்போவலன்னா நானும் வாங்கிகினு வந்திருக்க மாட்டேன்டா" என்றாய். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். அதற்குப் பிறகு ஏழு வருடம் இருந்தாய், வேறு ஒரு காய்ச்சலில் போனாய். ஆனாலும் அந்த ஒரு பகல் முழுவதும் நீ விழுங்க முடியாமல் தவித்தது என்னால்தான்.

போன மாதம் என் ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கும் கம்பெனி மாறியது. புது அட்டையையும் பழைய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு அது இன்னும் வரவில்லை. பெரிய எழுத்து இரண்டிலும் வேறு வேறாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அது இரண்டிலும் வளைவுக்கு வளைவு, புள்ளிக்குப் புள்ளி ஒன்றேதான். அதுதான் மருந்தின் பெயர் என்று கடைக்காரர் சொன்னார்.

அதைக் கண்டுபிடிக்கப் படிப்பு தேவையில்லையடா. சேலை முழுக்க ஓடுகிற பூவில் ஒரு பூவின் காம்பு மாறியிருந்தால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுகிற கண் இது. அன்றைக்குப் போளூரில், நல்ல வெயிலில், இரண்டு அட்டையும் என் இரண்டு கையில் இருந்தன. நான் நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.