வயிற்றுவலி என்று சொன்ன அண்ணனுக்கு

என் செல்ல லைவ் அண்ணா,

விசா வந்துடுச்சுண்ணா, எனக்கு, அதுவும் நீங்க இருந்த அதே வளைகுடா ஊருக்கே!

அப்பா திருவிடைமருதூர் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, நடவு வயலில் நின்ற அம்மாவுக்கு வரப்பிலிருந்தே கத்திச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழிலாளர் கேம்ப் அறையில் மீன்குழம்பு வைத்தபடி ஃபோனில் லைவ் வருவீர்களே, முதல் ஹார்ட் என்னுடையதுதான். "சீர்காழிக்காரன் உப்பு பாக்காம இறக்க மாட்டான்டா!" என்பீர்கள். உங்களுக்கும் எனக்கும் ஆண்களைத்தான் பிடிக்கும் என்பது மட்டும் லைவில் வராது. அது இன்பாக்ஸோடு சரி.

அப்புறம் உங்களுக்குத் தூக்கம் போனது. சும்மாவே அழுகை வந்தது. டாக்டரிடம் போனீர்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க கம்பெனி சூப்பர்வைசர் பக்கத்திலேயே உட்கார்ந்தார், உங்கள் ஊர்க்காரர். அன்று ராத்திரி இன்பாக்ஸில் சொன்னீர்கள்:

"உண்மையைச் சொன்னா, நான் ரூமுக்குத் திரும்புறதுக்குள்ள எங்கம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போயிடும்டா தம்பி. வேலை போகும், போலீஸ்கூட வரலாம். வயித்து வலின்னு சொல்லிட்டேன்."

வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதையும் வேளை தவறாமல் சாப்பிட்டீர்களே, ஏன் அண்ணா?

நீங்கள் இறந்ததற்கு மாரடைப்பு என்றார்கள். இருக்கலாம். அதற்கு முன்னால் எவ்வளவு காலம் தூங்கவில்லை என்று யாராவது கேட்டார்களா?

இப்போது எனக்கும் தூக்கமில்லை. நேற்று பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே அப்பா சொன்னார்: "பயப்படாதடா. அங்க உன் மாமாதான் சூப்பர்வைசர். உடம்பு சரியில்லன்னா ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்து பேசிடுவாரு. நீ வாயே தொறக்க வேணாம்."

பாசமாகத்தான் சொன்னார். போகவில்லை என்றால் காரணம் கேட்பார். அந்தக் காரணத்தைத்தானே சொல்ல முடியாது?

படிக்கிறவங்களே, ஊரையும் உறவையும் கொஞ்சம் மாத்தித்தான் எழுதியிருக்கேன், பேர் கேட்காதீங்க. நடுவில் ஆள் இல்லாமல், எங்களை 'சரி பண்ண' பார்க்காமல், அங்கே இருப்பவர்களிடம் ஃபோனில் தமிழில் பேசும் மனநல டாக்டர் யாரையாவது தெரியுமா? கமெண்டில் சொல்லுங்க. கேம்பில் படுத்திருக்கும் ஒருத்தன் கைக்காவது போய்ச் சேரும்வரை ஷேர் பண்ணுங்க. பதில் எனக்கும் வேணும், ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள.

சத்தியமா அண்ணா, வயித்து வலின்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.

முதல் ஹார்ட் போட்ட
உங்கள் தம்பி