நாக்பூர் ரோட்டு ஆலமரம்

ஜூன் 21, 2006, புதன்

கலர் டிவி தருவதாகச் சொல்லி ஓட்டு வாங்கியவர்கள் ஜெயித்து ஒரு மாதம் ஆகிறது. சுனாமி வந்து ஒன்றரை வருஷம். நாலுவழிச் சாலைக்காகக் கயத்தாற்றுப் பக்கம் புளியமரங்களை அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். வருஷத்தை நான் இப்படித்தான் பிடித்து வைப்பேன். தேதி போடுவது என் மருமகள் கற்பகம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள் பள்ளிக்கூடத்துத் தமிழாக்கி எழுதுகிறாள்.

நோட்டு வாங்கித் தந்தவன் சௌந்தரபாண்டியன். கோவில்பட்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "ஏலே வெயிலு, நாக்பூர் ரோடு முழுசும் உன் மண்டைக்குள்ள இருக்கு. நீ பாதி வழியில மண்டையப் போட்டா நாங்க எங்கன போய் நிக்க? சொல்லி எழுதி வையி" என்றான்.

நான், அவன், சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி, மூன்று பேரும் ஜீப்பில் போகிறோம். பட்டாளத்தில் கழித்த ஜீப்பை அண்ணாச்சி ஏலத்தில் எடுத்துவிட்டார். அவருக்கு எழுபத்து நாலு வயசு. இருபத்தெட்டு வருஷம் முன்னால் அவர் மகன் மாரிராஜ் என் லாரியில் கிளீனராக வந்தான். அந்தப் பக்கத்து மலைரோட்டில் செத்துப்போனான். அவனை எரித்த இடத்தை அவருக்குப் பார்க்க வேண்டும். ஆடி அமாவாசைக்கு அங்கே இருக்க வேண்டும்.

வழி தெரிந்தவன் நான்தான்.

ஜூன் 25, ஞாயிறு

பெங்களூர் வரை சொல்லி முடித்தேன். சாத்தூர்ப் பாலம், திருமங்கலத்து ரயில்வே கேட், தொப்பூர் இறக்கத்தில் இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. போர்டு வாசித்து நான் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை. ஹைதராபாத்துக்கு மேல் நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 3, திங்கள்

ஹைதராபாத்துக்கு மேல் இன்னும் சொல்லவில்லை.

இன்று ஜீப்பைக் கழுகுமலைக்கு மேற்கே ஒரு வறண்ட ஓடையில் இறக்கிப் பார்த்தார்கள். சௌந்தரபாண்டியன் நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கிற சின்னக் கம்பியை இழுத்துவிட்டதும் நாலு சக்கரமும் கரிசல்கட்டியை அரைத்துக்கொண்டு இறங்கின.

"இதுல நாக்பூர் போய் வந்தம்னா, இடுப்பு எந்த ஊருல விழுந்துச்சுன்னு தேடத் திரும்ப ஒருக்கப் போகணும்வே" என்றான் அவன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. கரையில் நின்று, "ஏலே வெயிலு, எம்புள்ளைய எரிச்ச ஓடை இதவிட ஆழமால?" என்று கேட்டார்.

"கொஞ்சம் ஆழம் அண்ணாச்சி."

"ஆலமரம் கரை மேலயா, உள்ளயா?"

"கரை மேல. விழுது தண்ணியத் தொடும்."

"ரோட்டுலருந்து இறக்கம் சாஸ்தின்னு நீ சொன்னதாலதாம்ல காரு வேண்டாம், ஜீப்பு எடுப்போம்னேன்."

நான் சக்கரத்தைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

ஜூலை 4, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை என்றேன். கற்பகம் நம்பவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

எழுது கற்பகம். யாரிடமும் சொல்லாதே, எழுது.

ஆலமரம் கிடையாது. ஓடை கிடையாது. நாங்கள் அவனை எரிக்கவே இல்லை.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ஆவணி மாதம். தீப்பெட்டி லோடு. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்க மாரிராஜ் குதித்தான். "சித்தப்பா, பிரேக்க விட்ராதீய" என்றான். மேலிருந்து வந்த லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. பத்தொன்பது வயசு. என்னோடு இன்னொரு டிரைவர் நல்லக்கண்ணு. பின்னாலேயே கயத்தாற்று லாரியில் பத்திரகாளி அண்ணாச்சி வந்தார். மூன்று பேருமாகத் தூக்கி ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிர் இல்லை. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம்.

அறுத்துப் பார்த்துத் தர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மழை. தார்ப்பாய் கிழிந்து தீப்பெட்டி நனைகிறது. முதலாளிக்கு போன் போட்டால் லோடை இறக்கிவிட்டு வா என்கிறார். ஒரு காகிதத்தை நீட்டினார்கள். தெலுங்கோ இங்கிலீசோ, நாங்கள் மூன்று பேருமே கண்டோமா? திரும்பி வரும் வரை பொணத்தை வைத்திருக்கத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பெருவிரலை வைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஆரஞ்சு லோடோடு திரும்பினேன். அங்கே வேலை செய்கிறவன் ஒருவன், "நீதானே உறவு இல்லைன்னு கைநாட்டு வச்சே" என்றான். நம் கரிசலில் தெலுங்கு பேசுகிற வீடுகளோடு வளர்ந்தவன் நான். அவன் சொன்னது நன்றாகவே புரிந்தது. ஆளில்லாப் பொணங்கள் நாலோடு ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்களாம். எந்தக் குழி என்று கேட்டேன். கையை அகலமாக வீசிக் காட்டினான்.

உறவு இல்லையா? சித்தப்பா சித்தப்பா என்று கூப்பிட்டானே.

ஊருக்கு வந்தேன். சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி பெஞ்சாதி வேலுத்தாய் மதினி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "எம்புள்ளையக் கெடத்துன எடத்துல நெழலு இருந்துச்சாய்யா?"

நான் என்ன சொல்ல? ஆலமரம் என்றேன்.

"தண்ணி?"

ஓடை என்றேன். வற்றாத ஓடை. மதினி முகம் கொஞ்சம் இளகியது. இருபத்தஞ்சு வருஷம், சாகிற வரைக்கும் கேட்டார்கள். கேட்கக் கேட்க நானும் விழுது விழுதாக இறக்கிவிட்டேன்.

கற்பகம் பேனாவை வைத்துவிட்டாள். "இதையும் எழுதணுமா மாமா?" என்றாள். எழுது என்றேன்.

ஜூலை 10, திங்கள்

கற்பகம் சொல்கிறாள்: "அங்க ஏதாவது ஒரு ஆலமரத்தக் காட்டிட்டு வாங்களேன் மாமா. அவியளுக்கு என்ன தெரியப் போவுது?"

நல்ல யோசனைதான். அந்த யோசனை எனக்கும் வந்துவிட்டது என்பதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது.

ஜூலை 12, புதன்

தட்டிக்கழிக்கப் பார்த்தேன். ஆடி பிறக்கப் போகிறது அண்ணாச்சி, ஆவணியில் போவோம் என்றேன். "பொண்ணு பாக்கவால போறோம்? அமாவாசைக்குப் போகணும்லா" என்றார். மரமெல்லாம் வெட்டிவிட்டான், எனக்கு அடையாளம் தெரியாது என்றேன். "புளியமரத்த வெட்டுவான். ஆலமரத்துல எவன்ல கை வைப்பான்?" என்றார்.

சௌந்தரபாண்டியன் புது டயர் மாட்டிவிட்டான். இருபதாம் தேதி விடிய வண்டி கிளம்புகிறது.

ஜூலை 16, ஞாயிறு

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். ஜீப்பில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்டவ், ஒரு மூட்டை கருப்பட்டி, தண்ணீர் கேன். முன் சீட்டில் மஞ்சத்துணி கட்டிய சின்னக் கலயம்.

"என்னது அண்ணாச்சி?"

"ஒங்க மதினி. மூணு வருசமாக் கரைக்காம வச்சிருக்கேன். எல்லாரும் ராமேஸ்வரத்துக்குப் போங்கான். அவ, எம்புள்ள ஓடையில கொண்டு விடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாளே."

எந்தத் தண்ணீரில் விடுவார்? எவன் ஊர்ச் சாக்கடையில்? நான் காட்டுகிற இடத்தில் விடுவார். கை கூப்பி நிற்பார்.

சொல்லிவிட்டேன். காகிதம், குழி, நிழலு கேட்டது, எல்லாம். ஊர்ப் பெயரையும் சொன்னேன். சௌந்தரபாண்டியன் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். அண்ணாச்சி அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். கலயத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நானும் உள்ளே போகவில்லை.

ஜூலை 20, வியாழன்

ஜீப் கிளம்பவில்லை.

ஜூலை 25, செவ்வாய்

ஆடி அமாவாசை. அண்ணாச்சி எங்கும் போகவில்லையாம், தர்ப்பணமும் கொடுக்கவில்லையாம். சௌந்தரபாண்டியன் வந்து சொன்னான். "நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். தப்புன்னு சொல்லவும் வாய் வரல. போலே" என்றான். டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

ஆகஸ்ட் 1, செவ்வாய்

ஜீப் சத்தம் கேட்டது. அண்ணாச்சியே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இறங்கவில்லை. நான் வாசலில் நின்றேன். வா என்று சொல்ல எனக்கு யோக்கியதை ஏது?

"அந்த ஆஸ்பத்திரி இன்னமும் இருக்காம். சௌந்தரம் போன் போட்டு விசாரிச்சுட்டான். பொதைச்ச மைதானத்துல இப்பம் பஸ் ஸ்டாண்டு நிக்குதாம்" என்றார்.

நான் படியிறங்கி ஜீப் பக்கத்தில் போனேன்.

"ஒன்னைய மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. அது இந்தச் சென்மத்துல நடக்காது."

"சரி அண்ணாச்சி."

"வெள்ளிக்கிழம கெளம்புதோம். நீயும் வார. பஸ் ஸ்டாண்டுனா பஸ் ஸ்டாண்டு. ரெண்டு வாளி தண்ணி ஊத்தி அவளையும் அங்கனயே விட்டுட்டு வாரேன்." துண்டால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? அதச் சொல்லிக்கிட்டே வா. அம்புட்டுத் தொலைவும். பொய் ஒண்ணு கலக்கக் கூடாது."

பிறகு கேட்டார்: "நல்லக்கண்ணு?"

"போன வருசம் ஐப்பசியில போயிட்டான் அண்ணாச்சி."

"பத்திரகாளி?"

"தை மாசம். நான் கயத்தாத்துக்குப் போயிட்டு வந்தேன்."

"அன்னைக்கு அவனத் தூக்குனதுல வேற எவனும்?"

வேறு எவனும் இல்லை. அந்த மழையில் மாரிராஜைத் தூக்கிய கைகளில் இன்று உயிரோடு இருப்பது ஒருவன்தான். கழுகுமலை வெயிலுமுத்து.