சுறா எண்ணெய் பூசிய பந்து

இன்று காலை கடையில் சுறா எண்ணெய் டின் ஒன்றின் மூடியை நெம்பினேன். வாடை எழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. நாற்பது வருஷமாகக் கயிறும் தாரும் மீன்பிடி வள்ளத்துக்குப் பூசுகிற எண்ணெயும் விற்கிறவன் நான். இந்த வாடை என் சட்டையிலேயே குடியிருப்பது. தனியாக மூக்குக்குத் தெரிவதில்லை. இன்று தெரிந்தது. நேற்று நீ இறந்த நாற்பத்தோராம் நாளுக்கு முட்டத்தில் உன் வீட்டுக்கு வந்து திரும்பினேன். உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த காலம். கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் நம் கல்லூரி அதுவரை இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை. அந்த வருஷம் ஐந்து ஆட்டம் ஆடினோம், ஐந்திலும் ஜெயித்தோம். கோல் காத்தவன் நீ. ஐந்து ஆட்டத்தில் உன்னைத் தாண்டிப் போனது இரண்டே பந்து. நான் வலது ஓரத்தில் ஓடுகிறவன். பந்தும் பம்பும் என் பொறுப்பு. நம்மில் ஒருவனுக்கும் பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினோம். காய்ந்த தரையில் அது ஒரு குறையே இல்லை. பூட்ஸ்காரன் திரும்புவதற்குள் நாம் நாலு அடி போயிருப்போம். மழைதான் நமக்கு எமன். நனைந்த தோல் பந்து, மயிலாடியில் கொத்திப் போட்ட கல் மாதிரி கனக்கும்.

கடைசி ஆட்டம் திருவனந்தபுரத்தில். எதிரே பதினொரு ஜோடி பூட்ஸ். ஐப்பசி மழை விட்டபாடில்லை. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வந்திருந்தேன். மழை சற்று வெறித்திருந்தது. உன் அப்பா வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"எண்ணெ கேறின பலக தண்ணி குடிக்காது மக்கா."

பக்கத்தில் நீ, வலையிலிருந்து வழுக்கி ஓடிய விலாங்கைப் பிடிக்க உள்ளங்கையில் மணலை அப்பிக்கொண்டாய். மணலை நான் சட்டை செய்யவில்லை. எண்ணெய் மனதில் ஒட்டிக்கொண்டது. நீ தள்ளிப் போன நேரம் பார்த்து உன் அப்பாவிடம் ஒரு குப்பி கேட்டு வாங்கினேன். முட்டுவலிக்கு என்று அவர் நினைத்தார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

முதல் பாதி ஊர்க்காரர் பந்து, மறு பாதி வந்தவர் பந்து என்பது அந்தப் போட்டியின் வழக்கம். ஆட்டத்தன்று காலை, தங்கியிருந்த சத்திரத்தின் பின்புறம் உட்கார்ந்து நம் பந்தில் அந்தக் குப்பி முழுவதையும் தேய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்கூட. சொன்னால் வேண்டாம் என்பாய் என்று தெரியும்.

முதல் பாதியில் நாம் செத்துப் பிழைத்தோம். அவர்கள் பந்து தண்ணீர் குடித்துக் குடித்து ஊறிக்கிடந்தது. உதைத்த இரண்டு பேருக்கு விரல் பிசகியது. கோல் எதுவும் விழாமல் நீதான் காத்தாய். மறு பாதியில் நம் பந்து இறங்கியது. என் கணக்கு தப்பவில்லை. தோலில் தண்ணீர் நிற்காமல் ஓடியது, பந்து பறந்தது. பத்தாவது நிமிஷம் நான் ஓரத்திலிருந்து தூக்கிக் கொடுத்ததை நம் காப்டன் தலையால் தட்டி உள்ளே போட்டான்.

அடுத்து அவர்கள் அடித்த பந்து நேராக உன் கைக்குத்தான் வந்தது. தூங்கிக்கொண்டே பிடிக்கிற பந்து. அது உன் கையில் வழுக்கி, மார்பில் பட்டு, கம்பத்தில் இடித்து வெளியே போனது. நீ குனிந்து உள்ளங்கையை மோந்து பார்த்தாய். பிறகு மைதானம் முழுவதையும் தாண்டி என்னைப் பார்த்தாய்.

அவர்கள் காப்டன் பந்தைத் தூக்கிக்கொண்டு நடுவரிடம் ஓடினான். "இதில எந்தோ தேச்சிட்டுண்டு சாரே. மீன் நாறுன்னு." எதையோ தேய்த்திருக்கிறோமாம், மீன் நாறுகிறதாம்.

நடுவர் பந்தை மோந்தார். முகம் சுருங்கியது. பந்தில் கள்ள வேலை நடந்திருந்தால் ஆட்டத்தை அவர்களுக்கே கொடுத்துவிடுவேன் என்றார். பந்து யார் பொறுப்பு என்று கேட்டார். நம் காப்டன் என் பக்கம் திரும்பினான். அந்த வருஷம் முழுக்க நாம் ஓடிய ஓட்டம் என் வாயில் நின்றது.

அதற்குள் நீ கோல் கம்பத்திலிருந்து நடந்து வந்துவிட்டாய். இரண்டு கையையும் நடுவர் மூக்குக்கு நேரே நீட்டினாய்.

"எனக்க கைதான் சாரே. கடப்புறத்து ஆளாக்கும். எத்தற கழுவினாலும் இந்த வாடை போவாது."

அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கூட்டம் சிரித்தது. யாரோ ஒருவன் மூக்கைப் பொத்திக்காட்டினான். கையை மண் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லி, பந்தைச் சாக்கில் துடைத்துக் கீழே வைத்தார். ஆட்டம் தொடர்ந்தது. நீ கோலுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கழுவினாய் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நீ ஈர மணலை அள்ளி இரண்டு கையிலும் அப்பிக்கொண்டிருந்தாய்.

மிச்சமிருந்த நேரம் பூராவும் பந்து நம் கோல் பக்கமே கிடந்தது. ஒவ்வொரு தடவை பிடித்த பிறகும் நீ குனிந்து மணலைத் தொட்டாய். கூட்டம் "மீனே, மீனே" என்று கத்தியது. கடைசி நிமிஷத்தில் இடது மூலைக்கு வந்த ஒன்றை, விழுந்தபடி ஒற்றைக் கையால் அமுக்கினாய். அது கையை விட்டு நழுவவில்லை. விசில் ஊதியது.

திரும்பி வரும் பஸ்ஸில் எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"ஏலே, வள்ளத்துக்குப் பூசினா ரெண்டு நாளு வெயிலு காட்டணும். பச்சையா கடல்ல எறக்க மாட்டோம். இது தெரியாம கச்சவடம், யாவாரம்னு எறங்கிராத, மக்கா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

பாராட்டுக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர், நம்மை ஜெயிக்க வைத்தது ஒரு மீன் கை என்றார். அரங்கம் குலுங்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் கழுத்து மட்டும் விறைத்திருந்தது. முன்வரிசையில் நானும் சிரித்தேன். அன்றிலிருந்து உனக்கு மீன்கை என்றே பெயர். நீ வாத்தியாராகி, தலைமையாசிரியராகி, ஓய்வு பெற்ற பிறகும் நம் கூட்டத்தில் அந்தப் பெயர் மாறவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். வியாபாரத்தில் எவன் முகத்துக்கு நேரேயும் உள்ளதைச் சொல்லிப் பெயர் வாங்கியவன், இந்த ஒன்றை மட்டும் நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

நேற்று உன் வீட்டில் சாப்பிட்டு எழுந்தபோது பழைய காப்டன், "நம்ம மீன்கை போயிட்டானே" என்று எடுத்தான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. "அவன் கை இல்லடே. பந்துல எண்ணெ தேச்சது நான்" என்றேன்.

உன் மனைவி தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. கல்யாணம் ஆன புதுசுலயே எங்கிட்ட சொல்லிட்டாவ. அவன் என்னைக்காவது அவனா சொல்லுவான், நீயா கேட்டுராதன்னு சொன்னாவ."

நான் செம்பை வாங்கிக் குடித்தேன்.

டின் திறந்தே இருக்கிறது. கேட்டு வந்தவர் குளச்சல்காரர், புது வள்ளம் இறக்குகிறாராம். அளந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு, எல்லோரிடமும் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன்: பூசினால் ரெண்டு நாள் வெயில் காட்டணும். உங்களுக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று கேட்டார். இத்தனை வருஷமும் அனுபவம் என்று சொல்லிச் சமாளித்து வந்தவன், இன்று உன் பெயரைச் சொன்னேன். மீன்கை என்று சொல்லவில்லை. உன் அப்பா உனக்கு வைத்த பெயரை.