மீதி இரண்டு முடிச்சு

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனால் எழுதுவது நானேதான், சத்தியமாக. “போர்டு படிக்கத் தெரியாத ஆளுக்கு மீசை இன்னாத்துக்குய்யா?” என்று கவரைப்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் சிரிப்பாயே, இப்போது போர்டை நானே படித்து ஏறுகிறேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் படித்துச் சொல்கிறேன், அவர்கள் கேட்காவிட்டாலும்.

நேற்று முதியோர் வகுப்பில் டீச்சர் கையில் மருந்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டார். அந்த வாசனை வந்ததும் உன் பெயரை எழுதிக்கொண்டிருந்த என் கை பாதியில் நின்றுவிட்டது. திருவள்ளூரில் உன்னைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில், உன் கட்டிலைச் சுற்றி இருந்த வாசனை அது.

வாயில் குழாய். உனக்குப் பேச்சில்லை. கை மட்டும் ஓயாமல் கழுத்துக்கே போனது. வலி என்று நினைத்தேன். குழாயைப் பிடுங்கிவிடப் போகிறாய் என்று கையைக் கட்டிவைக்கப் பேசினார்கள். அப்போதுதான் சிலுவைச் சங்கிலி போட்ட அந்த நர்ஸ் என்னிடம் வந்தாள்.

“தாத்தா, ஆயா இன்னாத்தையோ தேடுது. கழுத்துல இன்னா இருந்துச்சு?”

“தாலிம்மா. ஸ்கேனுக்குன்னு கழட்டிக் குடுத்தாங்க. என்கிட்டதான் கீது.”

நான் உயிரோடு நிற்கும்போதே வெறும் கழுத்தோடு போகிறோமே என்று நீ தவித்திருக்கிறாய். எனக்கு அது தோன்றவே இல்லை.

தங்கம் அங்கே போடக் கூடாதாம். டாக்டரைக் கேட்டுவிட்டு அவளே மஞ்சள் கிழங்கும் நூலும் வாங்கி வந்தாள். “டியூப் கீது, லூசா கட்டுங்க” என்றாள். ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தினேன்.

“இன்னா தாத்தா, நின்னுக்கினு கீறீங்க?”

“மீதி ரெண்டும் நாத்தனார் போடணும்மா. எங்க அக்கா போய்ச் சேந்துடுச்சே.”

“அப்ப நான்தான் நாத்தனாரு. இன்னா அண்ணி, எனக்குச் சீரு இன்னா தருவே?” என்று உன் காதருகே குனிந்து கேட்டுக்கொண்டே இரண்டையும் போட்டாள்.

நீ கண் திறந்தாய். அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிளாஸ்திரிக்கு அடியில் உதடு லேசாக விரிந்தது. மஞ்சளைப் பிடித்துக்கொண்ட கை அதற்குப் பிறகு எதையும் தேடவில்லை.

மறுநாள் காலையில் போய்விட்டாய். அந்த மஞ்சளோடுதான் அனுப்பினோம்.

புருஷன் போனால் பெண்ணிடம் கழற்றுவதற்கு என்னென்னவோ இருக்கிறது. நீ போனபோது என்னிடம் எதையும் கழற்ற யாரும் வரவில்லை. கழற்ற என்ன இருக்கிறது? அதனால் நான் இன்னும் உன் புருஷனாகவே இருக்கிறேன்.